முதல் மலை வேட்டைக்கு எந்த ரைபிள், எந்தத் தோட்டா? கோலாலம்பூரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

"அண்ணே, ஏப்ரலில் நியூசிலாந்து போகிறேன், செம்மான் வேட்டைக்கு. .300 வின்செஸ்டர் மேக்னம்தான் வேண்டும் என்று வழிகாட்டியிடம் சொல்லிவிட்டேன்" என்றார் ஒரு தம்பி, போன மாதம் செந்தூலில் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தபோது. இதுவரை எத்தனை தோட்டா சுட்டிருப்பீர்கள் என்று கேட்டேன். தைப்பிங் பக்கம் மாமாவின் செம்பனைத் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்கு ஷாட்கன்னில் ஏழெட்டு முறை சுட்டிருக்கிறாராம். ரைபிளைத் தோளில் வைத்ததே இல்லை. அவர் கேட்ட மேக்னமோ மருந்து அதிகம் உள்ள, பலமாக உதைக்கும் தோட்டா. அந்த மின்னஞ்சலை இன்றைக்கே மாற்றி எழுதுங்கள் என்றேன். ஏன் என்று அவரிடம் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியோடு இன்னும் பலர் வருகிறார்கள்.

முதலில் நம் நிலைமை. 1960 ஆயுதச் சட்டப்படி இங்கே உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க முடியாது, மலை வேட்டைக்கான ரைபிளை நம்மில் யாரும் வீட்டில் வைத்துப் பழகப் போவதும் இல்லை. ஆக, நீங்கள் கடையில் வாங்கப்போவதில்லை, அங்கே வழிகாட்டியிடம் இருப்பதில் ஒன்றைக் கேட்டு வாங்கிச் சுடப்போகிறீர்கள். நியூசிலாந்தில் உரிமம் உள்ளவர் பக்கத்திலேயே நின்று மேற்பார்வை செய்தால் உரிமம் இல்லாதவரும் சுடலாம். அதனால்தான் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவது அவசியம். கேட்காமல் போனால் அவர் கையில் அன்றைக்கு எது இருக்கிறதோ அதுதான் உங்களுக்கு.

விலங்கிலிருந்து தொடங்குங்கள். தென் தீவில் நம் ஆட்கள் போவது பெரும்பாலும் இரண்டுக்கு. ஒன்று செம்மான், மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுவரை ஆண் மான்கள் கத்தும் காலம். இன்னொன்று தார் என்கிற இமயமலை வரையாடு. நம் நீலகிரி வரையாட்டுக்குத் தூரத்துச் சொந்தம், 2005 வரை இரண்டையும் ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். 1904இல் மவுண்ட் குக் பக்கம் கொண்டுபோய் விட்டது பெருகி மலைச் செடிகளையெல்லாம் மேய்ந்து தீர்க்கிறது, அதனால் 10,000க்கு மேல் போகக்கூடாது என்று 1993இலேயே திட்டம் போட்டுவிட்டார்கள். செம்மான் காட்டு ஓரத்தில் 100, 150 மீட்டரிலேயே கிடைக்கலாம். தார் அப்படி இல்லை, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் பாறையில் நிற்கும், நடுவில் இறங்கி ஏற முடியாத பிளவு இருக்கும். தூரச் சுடுதல் என்ற பேச்சே அங்கேதான் வருகிறது.

இரண்டுக்கும் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடத்தை 20 செ.மீ. தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், நாம் சோறு சாப்பிடும் தட்டைவிடச் சின்னது. வெறும் தரையில் படுத்து, பையின்மேல் ரைபிளை வைத்து, ஐந்து தோட்டாவில் ஐந்தையும் அந்தத் தட்டுக்குள் எந்தத் தூரம் வரை வைக்க முடிகிறதோ, அதுதான் உங்கள் தூரம். நான்கு பட்டு ஒன்று தவறினால் அந்தத் தூரம் உங்களுடையது அல்ல, 50 மீட்டர் குறைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை போகிறவருக்கு அது 200 அல்லது 250 மீட்டராகத்தான் இருக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. 600 மீட்டரில் சுட்டேன் என்று வீடியோ போடுகிறவர்கள் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் தோட்டா சுட்டுப் பழகியவர்கள். நமக்கு அந்த வாய்ப்பு இல்லை, தவறினால் வலியைச் சுமப்பது அந்த விலங்கு.

சரி, தோட்டாவுக்கு வருவோம். ஒரு சொல் விளக்கம்: தோட்டா என்று நான் சொல்வது கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுசு. குண்டு என்றால் குழலிலிருந்து பறந்து போவது மட்டும்.

என் பரிந்துரை 6.5 கிரீட்மூர். 2007இல் வந்தது. 143 கிரெய்ன், அதாவது 9 கிராமுக்குச் சற்று மேலான, ஒல்லியான நீளக் குண்டை நொடிக்கு ஏறக்குறைய 820 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. .300 வின்செஸ்டர் மேக்னம் 1963இலிருந்து இருக்கிறது, 200 கிரெய்ன் குண்டை நொடிக்கு 870 மீட்டரில் தள்ளும். கேட்டால் இரண்டாவதுதான் ஆள் போலத் தெரியும். ஆனால் 400 மீட்டரில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மணிக்கு 16 கி.மீ. பக்கக் காற்று அடித்தால் கிரீட்மூர் குண்டு 28 செ.மீ. போல ஒதுங்கும். மேக்னம் குண்டும் கிட்டத்தட்ட அதே அளவு ஒதுங்கும், ஓரிரு சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால் அதிகம். காற்றைக் கிழித்துப் போவது குண்டின் வடிவமும் நீளமும்தான், மருந்தை அள்ளிப் போட்டால் மட்டும் அது வந்துவிடாது. வேறுபாடு அடியின் பலத்தில் இருக்கிறது: 400 மீட்டரில் கிரீட்மூரிடம் 1,900 ஜூல் மிச்சம் இருக்கும், மேக்னத்திடம் 3,000 பக்கம். 1,900 தாருக்கும் செம்மானுக்கும் சரியான இடத்தில் பட்டால் தாராளம். அந்தக் கூடுதல் 1,100 ஜூலுக்கு உங்கள் தோள் கொடுக்கும் விலை என்ன தெரியுமா? ஒரே எடையுள்ள ரைபிளில் பின்னுதை, அதாவது சுட்டதும் ரைபிள் தோளில் இடிப்பது, இரண்டு மடங்குக்கு மேல்.

இந்தப் பின்னுதை விஷயத்தில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். என் முதல் பயணத்தில் நானும் மேக்னம்தான் கேட்டேன். பழகும்போது மூன்று தோட்டா சுட்டேன், மூன்றும் பரவாயில்லை, நான்காவதைச் சுடத் தோளுக்கு மனசு வரவில்லை, போதும் என்று சொல்லிவிட்டேன். இரண்டாம் நாள் மாலை 230 மீட்டரில் ஒரு பெண் செம்மான் பக்கவாட்டில் நின்றது. இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. சுட்டேன், குண்டு வயிற்றில் பட்டது. புல் நுனியில் பச்சை கலந்த ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து இருட்டும்வரை தேடினோம், மறுநாள் காலையில்தான் ஓடைக்கரையில் கிடைத்தது. அந்த ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை.

காலையில் வழிகாட்டி எதுவும் திட்டவில்லை. முகாமுக்கு வந்ததும் ரைபிளை என்னிடம் கொடுத்து, முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்லிவிட்டு தோட்டாவைப் போட்டுக்கொடுத்தார், கல்லைக் குறி வைத்துச் சுடு என்றார். விசையை அழுத்தினேன், டிக் என்று ஒரு சத்தம் மட்டும்தான் வந்தது. அவர் போட்டது மருந்தில்லாத போலித் தோட்டா. வெடிக்கவே இல்லை, ஆனாலும் குழல் முனை ஒரு விரற்கடை கீழே குத்தியதை நானே பார்த்தேன். கண்ணும் மூடியிருந்தது. இடிக்கப் போகிறது என்று என் உடம்பு முன்கூட்டியே பயந்து தோளைத் தள்ளியிருக்கிறது. உண்மையான தோட்டா வெடிக்கும்போது அந்த அதிர்ச்சியில் இது தெரியவே தெரியாது, நன்றாகத்தான் சுட்டோம் என்று நினைத்துக்கொள்வோம். நீங்கள் போய்ச் சேர்ந்த முதல் நாளே இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். ஐந்து உண்மைத் தோட்டாவுக்கு நடுவில் எங்கேயாவது இரண்டு போலியைக் கலந்து தரச் சொல்லுங்கள். முனை அசைகிறது என்றால் சின்னத் தோட்டாவுக்கு மாறுங்கள், மானம் பார்க்காதீர்கள்.

கிரீட்மூர் இல்லை என்று பதில் வந்தால் 7 மி.மீ.-08 ரெமிங்டன், அல்லது 1952இலிருந்து உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் .308 வின்செஸ்டர். .308 காற்றில் இன்னும் கொஞ்சம் ஒதுங்கும், ஆனால் 250 மீட்டருக்குள் சுடுகிறவருக்கு அது ஒரு குறையே இல்லை. .270 வின்செஸ்டரும் நல்லதுதான், 1925இலிருந்து மலை வேட்டைக்காரர்கள் நம்பிய தோட்டா. ஏற்கெனவே நிறையச் சுட்டவர், தோள் பழகியவர் என்றால் 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் கேளுங்கள், நீளக் குண்டும் வேகமும் சேர்ந்து வரும். .300ஐ வட அமெரிக்க மூஸ் மாதிரி பெரிய உடம்புக்கு வைத்துக்கொள்ளலாம். ஆப்பிரிக்க எருமைக்குப் போகிறவர்கள் கேட்கும் .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் வேறு உலகம், அது கிட்டப்போய்ச் சுடுவதற்கு.

குண்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை, எனக்கு அதுதான் ஆச்சரியம். தோட்டாப் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் குண்டு வெவ்வேறு. இலக்குப் போட்டிக்கான குண்டு காகிதத்தில் அழகாகத் துளை போடும், உடம்புக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்று நம்பிச் சொல்ல முடியாது, அது வேண்டாம். வேட்டைக் குண்டு உள்ளே போய் விரிய வேண்டும், விரிய அதற்கு வேகம் வேண்டும். பல வேட்டைக் குண்டுகளுக்கு நொடிக்கு 550 மீட்டர் என்பது ஓர் எல்லை, அதற்குக் கீழே போனால் விரியாமல் ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு போய்விடும், விலங்கு ஓடிக்கொண்டே இருக்கும். முழுச் செம்புக் குண்டுகளுக்கு இன்னும் கூடுதல் வேகம் தேவைப்படலாம். தயாரித்தவர்கள் குறைந்தபட்ச வேகத்தைச் சொல்லியிருப்பார்கள், அதையும் உங்கள் தூரத்தில் குண்டுக்கு மிச்சமிருக்கும் வேகத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 143 கிரெய்ன் கிரீட்மூர் 400 மீட்டரில் நொடிக்கு 640 மீட்டர் வைத்திருக்கும், கவலையில்லை.

ரைபிள் எந்தப் பெயராக இருந்தாலும் சரி, பெரிதாக அலட்டிக்கொள்ள வேண்டாம். பின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ் அங்கே நிறைய பேர் கையில் இருக்கும், லைட் வகை மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு, விசை இழுபறி இல்லாமல் சட்டென்று விடுபடும், எனக்குப் பிடித்தது. ரொம்ப இலேசான ரைபிள் மலை ஏறச் சுகம், ஆனால் உதை கூடும், நிலையாகவும் நிற்காது. குறி பார்க்க மேலே மாட்டும் தொலைநோக்கியோடு சேர்த்து நான்கு கிலோ பக்கம் இருந்தால் நல்லது. நம் ஆட்களுக்கு நான் அழுத்திச் சொல்வது, ரைபிளில் தோளோடு அண்டும் கட்டையின் நீளம். அங்கே ஆறடி ஆளுக்கு ஏற்றபடி வைத்திருப்பார்கள், ஐந்தடி ஐந்து அங்குலம் உள்ளவர் தோளில் வைத்தால் கழுத்தை நீட்டித்தான் கண்ணைக் கொண்டுபோக வேண்டியிருக்கும். உங்கள் உயரத்தை முன்கூட்டியே எழுதுங்கள், சில கட்டைகளில் பின்னால் இருக்கும் துண்டைக் கழற்றிக் குறைக்கலாம். இடது கைக்காரர் என்றால் அதையும் சொல்லுங்கள். சத்தம் அடக்கும் குழாய் அங்கே சட்டப்படி அனுமதி உள்ளது, மாட்டித் தரச் சொல்லுங்கள், உதையும் குறையும் காதும் பிழைக்கும்.

தொலைநோக்கியில் மில் கணக்கு உள்ளதைக் கேளுங்கள். நாம் மீட்டரில் வளர்ந்தவர்கள், அது நமக்கென்றே செய்த மாதிரி இருக்கும்: ஒரு மில் என்றால் 100 மீட்டரில் 10 செ.மீ., 400 மீட்டரில் 40 செ.மீ., தொலைநோக்கியின் திருகைத் திருப்பும்போது கேட்கும் ஒரு சொடுக்கு அதில் பத்தில் ஒன்று. 100 மீட்டரில் குறி வைத்த இடத்திலேயே படும்படி சரிசெய்த கிரீட்மூர் 400 மீட்டரில் ஏறக்குறைய 95 செ.மீ. தாழும், ஆக 2.4 மில், 24 சொடுக்கு. அன்றைய உயரத்துக்கும் குளிருக்கும் இது கொஞ்சம் மாறும், அதனால் அங்கே சுட்டுப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். தூரத்தைக் கண்ணால் கணிக்கவே கூடாது. 450 மீட்டரை 400 என்று நினைத்தால் குண்டு கிட்டத்தட்ட ஒரு சாண் கீழே போகும். லேசர் தூரமானி கட்டாயம், அதுவும் சரிவைக் கணக்கில் எடுப்பது. 30 பாகைச் சரிவில் 400 மீட்டர் என்று காட்டினால் நீங்கள் 346 மீட்டருக்கான சொடுக்கைத்தான் வைக்க வேண்டும். இதை மறந்து மேலே சுட்டவர்கள் நிறைய.

போவதற்கு முன்பு இங்கேயே செய்யக்கூடியது இருக்கிறது. சுபாங்கில் தேசியச் சுடுதளம் இருக்கிறது, சுடும் சங்கம் ஒன்றில் சேர்ந்து 10 மீட்டர் ஏர் ரைபிள் பழகுங்கள். அதில் பத்துப் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர், விசையை எப்படி அழுத்துவது என்று அதைவிட நன்றாக எதுவும் சொல்லித்தராது. அப்புறம் பத்துமலை. 272 படியை 10 கிலோ அரிசி வைத்த பையோடு ஏறி, மேலே போனதும் உட்கார்ந்து மூச்சு அடங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். மலையில் தார் உங்களுக்காக அத்தனை நிமிடம் நிற்காது.

அந்தத் தம்பி கடைசியில் அனுப்பிய மின்னஞ்சல் இவ்வளவுதான்: என் உயரம் 165 செ.மீ., வலது கை, ரைபிள் பழக்கம் இல்லை. 6.5 கிரீட்மூர் அல்லது .308, வேட்டைக் குண்டு, சத்தம் அடக்கும் குழாய், மில் கணக்குத் தொலைநோக்கி. முதல் நாள் முழுவதும் பழக வேண்டும், 40 தோட்டாவுக்குத் தனியாகப் பணம் தருகிறேன், 200 மீட்டருக்கு மேல் சுடமாட்டேன். அன்றே பதில் வந்தது, இப்படிக் கேட்டு எழுதுகிறவர்கள் குறைவு என்று.

திரும்பும் நாளில் ஒரு வேலை பாக்கி. சட்டை, கால்சட்டை, மழைக்கோட்டு, பையின் சின்ன அறைகள் எல்லாவற்றையும் கட்டிலில் கவிழ்த்து உதறுங்கள். குளிரில் பையில் போட்டு மறந்த ஒரே ஒரு தோட்டா போதும், அங்கே விமான நிலையத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள், தப்பித் தவறி வந்துவிட்டால் இங்கே கேஎல்ஐஏவில் நிலைமை அதைவிட மோசம். நினைவுக்கு ஒரு வெற்றுக் கூடு என்று ஆசைப்படவும் வேண்டாம், அதை வழிகாட்டியின் மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.