பிளேடு சேசிஸுக்கு நெட்வொர்க் கேபிள் போடுவது எப்படி?

பிளேடு சர்வர் (சேசிஸ் என்ற ஒரே பெட்டியில் வரிசையாகச் செருகும் மெல்லிய சர்வர்) என்றால் கேபிள் தொல்லை இல்லை என்பார்கள். பாதிதான் உண்மை. பிளேடுகள் சேசிஸுக்குள் மிட்பிளேன் என்ற பலகையில் செருகிக்கொள்வதால் வெளியே வயர்கள் குறைவு. ஆனால் அந்தச் சில வயரில்தான் எல்லா பிளேடுகளின் பிழைப்பும் ஓடுகிறது.

முதலில் சேசிஸின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே இருப்பது பாஸ்த்ரூ மாட்யூல் என்றால் ஒவ்வொரு பிளேடுக்கும் தனித்தனிக் கேபிள். 16 பிளேடு, இரண்டு மாட்யூல், ஆக 32 கேபிள்! ஸ்விட்ச் மாட்யூல் என்றால் அப்லிங்க் (மாட்யூலிலிருந்து வெளி ஸ்விட்சுக்குப் போகும் இணைப்பு) மட்டும் போதும். இனி சொல்வது இந்த வகைக்கு.

அப்லிங்க் எத்தனை வேண்டும்? ஒரு மாட்யூலுக்குப் பிளேடு ஒன்றிலிருந்து 10 ஜிகாபிட் வந்தால் 16 பிளேடுக்கு 160. நான்கு 10 ஜிகாபிட் அப்லிங்க் கொடுத்தால் 40, அதாவது நாலுக்கு ஒன்று. சாதாரண வேலைக்கு இது தாங்கும். ஸ்டோரேஜ் டிராஃபிக்கும் இதே வழியில் போனால் கூட்டிக்கொள்ளுங்கள்.

வெளி ஸ்விட்ச் அதே ரேக்கில் இருந்தால் டிஏசி கேபிள் (இரு முனையிலும் பிளக் சேர்ந்தே வரும் செப்புக் கேபிள்) போதும். தூரம் என்றால் ஃபைபர். ஓஎம்3 வகை 10 ஜிகாபிட்டில் 300 மீட்டர் வரை போகும்.

செருகும் முன்பே இரண்டு முனையிலும் லேபிள் ஒட்டுங்கள். "சேசிஸ் 2, மாட்யூல் 1, போர்ட் 3" என்று முழுசாக எழுதுங்கள்.

இடது மாட்யூலின் கேபிள்கள் எல்லாம் முதல் ஸ்விட்சுக்கு, வலது மாட்யூலுடையவை இரண்டாவதற்கு. இரண்டையும் ஒரே ஸ்விட்சில் செருகினால் அது செத்த அன்று சேசிஸும் சேர்ந்து படுத்துவிடும். மாட்யூலுக்கு ஒரு கேபிளை மட்டும் முதலில் செருகி, இரு பக்கமும் எல்ஏசிபி (பல கேபிள்களை ஒரே இணைப்பாகச் சேர்க்கும் முறை) அமைத்த பிறகு மற்றதைச் செருகுங்கள். அவசரப்பட்டால் ஸ்பானிங் ட்ரீ (ஸ்விட்சில் லூப்பைத் தடுக்கும் வசதி) ஒன்றை விட்டு மற்றதை அடைத்துவிடும். அது அணைந்திருந்தால் லூப்தான், டேட்டா முடிவில்லாமல் சுற்றும்.

அப்புறம், கேபிள்களை ஃபேன், பவர் சப்ளை, மாட்யூல் இவற்றின் குறுக்கே ஓட விடாதீர்கள். நான் ஒருமுறை அழகாகக் கட்டிய கட்டு ஒரு ஃபேனுக்கு நேர் முன்னால் போனது. ஃபேன் பழுதானபோது, ஓடிக்கொண்டிருந்த கேபிள்களைப் பிடுங்காமல் அதை உருவ முடியவில்லை. பக்கவாட்டில் இறக்கி, வெல்க்ரோவால் கட்டுங்கள். பிளாஸ்டிக் டை ஃபைபரை நெரித்துவிடும்.

கடைசியாகச் சோதனை. ஒரு பிளேடிலிருந்து பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) ஓடவிட்டு, ஒரு மாட்யூலின் அப்லிங்க் அத்தனையையும் கழற்றுங்கள். ஒன்றிரண்டு பிங் தவறினால் பரவாயில்லை. அடியோடு நின்றுபோனால் காரணம் பெரும்பாலும் இதுதான்: பிளேடுக்கும் மாட்யூலுக்கும் நடுவே உள்ள இணைப்பு மிட்பிளேனில் உயிரோடு இருப்பதால், வெளியே வழி அறுந்தது பிளேடுக்குத் தெரிவதில்லை, அது பாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். மாட்யூலில் லிங்க் ஸ்டேட் டிராக்கிங் (அப்லிங்க் அறுந்தால் பிளேடு பக்க இணைப்பையும் அணைப்பது) வசதி இருந்தால் அதை இயக்கிவிட்டு, மறுபடி கழற்றிப் பாருங்கள்.