ஒரே பெயர், வேறு இயந்திரம்: கணினி வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் உள்ள எங்கள் படத்தொகுப்பு அறைக்கு, திருமண ஒளிப்பதிவுத் தொழிலில் புதிதாக இறங்கும் இளைஞர்கள் அவ்வப்போது வருவார்கள். சென்ற மாதம் வந்த ஒருவர், பையிலிருந்து புத்தம்புது மடிக்கணினியை எடுத்து, விசைப்பலகையின் ஓரத்தில் ஒட்டியிருந்த, செயலியின் (கணினியின் மூளையான சில்லின்) பெயரைக் காட்டும் ‘ஐ7’ சின்னத்தைத் தொட்டுக் காட்டி, “அண்ணே, உங்க மேசையில இருக்கிறதும் இதேதானே?” என்று கேட்டார். சில ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறு அப்படியே எதிரில் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. மடிக்கணினியா, மேசைக்கணினியா என்று தேர்ந்தெடுக்கும்போது நேரும் தவறுகளைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். எடை, திரையளவு போன்றவற்றைக் கடையிலேயே கையால் தூக்கிப் பார்த்தும் கண்ணால் கண்டும் தெரிந்துகொள்ளலாம் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பெயரைப் பார்த்து வாங்குவது

2022ஆம் ஆண்டில் நாலாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்து நான் வாங்கிய மடிக்கணினியில் இருந்த செயலி, இன்டெலின் கோர் ஐ7-1255யு. அதே 12ஆம் தலைமுறையில் மேசைக்கணினிக்கென வந்த செயலி கோர் ஐ7-12700. முன்னதில் 10 கோர் (செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), பின்னதில் 12 கோர் என்று படிக்கும்போது வேறுபாடு சொற்பமாகவே தோன்றும். ஆனால் என்னுடைய பத்தில் வேகமான கோர்கள் இரண்டே இரண்டு. மீதி எட்டும் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்கான சிறிய கோர்கள். மேசைக்கணினிச் செயலியிலோ வேகமானவை எட்டு, சிறியவை நான்கு. அடிப்படை மின்திறன் என்னுடையதற்கு 15 வாட், அதற்கு 65 வாட். உச்சத்தில் என்னுடையது 55 வாட் வரை எடுக்கும், அது 180 வாட் வரை எடுக்கும்.

இந்த வேறுபாடு கடையில் தெரியாது. சில விநாடிகளில் முடியும் வேலைக்கு மடிக்கணினிச் செயலியும் தன் உச்ச மின்திறனை எடுத்துக்கொள்ளும் என்பதால், குளிரூட்டிய கடையில் எதைச் சொடுக்கினாலும் உடனே திறக்கும். காணொளியை ரெண்டர் செய்வது, அதாவது தொகுத்ததை ஒரே கோப்பாக உருவாக்குவது, அப்படிப்பட்ட வேலையன்று. அது மணிக்கணக்கில் ஓடும்.

பத்துமலைக்கு அருகே நடந்த ஒரு திருமணத்தின் 4கே காணொளியை மறுநாள் நண்பகல் விருந்தில் திரையிடுவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். இரவு பத்து மணிக்கு ரெண்டரைத் தொடங்கியபோது, முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று காட்டியது. காப்பி கலந்துகொண்டு திரும்புவதற்குள் அது நான்கு மணி நேரமாகியிருந்தது. செயலியின் மின்திறன் தொடக்கத்தில் ஐம்பது வாட்டைத் தொட்டது; சூடு ஏறியதும் இறங்கி, பதினேழு, பதினெட்டு வாட்டில் நின்றுவிட்டது. விசைப்பலகையின் மேல்வரிசையில் விரலை வைக்க முடியவில்லை. அடியில் காற்றுப் போகட்டும் என்று நான்கு மூலைகளிலும் பாட்டில் மூடிகளை முட்டுக்கொடுத்து, மேசை விசிறியையும் அதன் பக்கம் திருப்பி வைத்தேன். வேலை முடிந்தபோது பொழுது விடிந்திருந்தது.

விற்றவர் பொய் சொல்லவில்லை, அது ஐ7தான். அந்தக் கணினி வாங்கிய நாளிலிருந்து அந்த இரவு வரை என் மேசையை விட்டு ஒருமுறைகூட நகரவில்லை என்பதும், தூக்கிச் செல்லும் வசதிக்காக வேகத்தை விலையாகக் கொடுத்துவிட்டு அந்த வசதியை நான் அதுவரை தொடவே இல்லை என்பதும்தான் இன்றும் எரிச்சலூட்டுகிறது.

படத்தையும் காணொளியையும் கையாளும் வரைகலை அட்டைகளிலும் இதே கதைதான். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 என்ற பெயரில் மேசைக்கணினிக்கு வந்த அட்டையில் 16,384 கூடா கோர்களும் (அட்டைக்குள் கணக்கிடும் சிறு அலகுகள்) 24 ஜிபி நினைவகமும் உள்ளன. அதே பெயரில் மடிக்கணினிக்கு வந்ததில் 9,728 கோர்களும் 16 ஜிபியும்தான். மடிக்கணினி ஆர்டிஎக்ஸ் 4060க்கு 35 வாட் முதல் 115 வாட் வரை எதை வேண்டுமானாலும் தயாரிப்பாளர் ஒதுக்கலாம் என்பதால், ஒரே பெயருள்ள இரண்டு மடிக்கணினிகள்கூட ஒரே வேகத்தில் ஓடும் என்று சொல்ல முடியாது. ஆகவே செயலியின் முழு எண்ணையும் அதன் கடைசி எழுத்தையும் (என்னுடையதில் இருந்த ‘யு’, குறைந்த மின்சாரத்தில் ஓடும் வகை என்பதன் அடையாளம்), அட்டைக்கு எத்தனை வாட் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தை அங்கேயே கைப்பேசியில் திறந்து பார்த்துவிடுங்கள்.

ரேமைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று நம்புவது

மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் (வேலை நடக்கும்போது தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்), பாகங்களை இணைக்கும் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். விவரப் பட்டியலில் எல்பிடிடிஆர்5 என்ற ரேம் வகையைக் கண்டால், அதைப் பெரும்பாலும் மாற்றவோ கூட்டவோ முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசைக்கணினியில் காலியிடம் இருந்தால் ஒரு துண்டைச் செருகினால் போதும்.

பெட்டியின் விலையை மட்டும் கூட்டுவது

கோலாலம்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் மேசைக்கணினிக்கான பாகங்களை வாங்கிச் சேர்த்தால் மலிவு என்று கணக்குப் போடுபவர்கள் திரை, விசைப்பலகை, ஒலிபெருக்கி, வெப்கேம், விண்டோஸ் உரிமம் ஆகியவற்றை மறந்துவிடுகிறார்கள். எல்லாத் தாய்ப்பலகைகளிலும் வைஃபை இருப்பதில்லை.

இடியும் மின்னலும்

இடி மின்னலில் மின்சாரம் போனால் மடிக்கணினிக்கு மின்கலம் கைகொடுக்கும், மேசைக்கணினிக்கு அது இல்லை. ஆகவே யூபிஎஸ் (மின்தடையின்போது சற்று நேரம் மின்சாரம் தரும் கருவி) இல்லாமல் மேசைக்கணினியை ஓட்டாதீர்கள்.

சூடு கண்ட பூனையாவது

என் கதையைக் கேட்டுவிட்டு, வாடகை அறையில் இருக்கும் ஒரு மாணவர் பெரிய மேசைக்கணினியை வாங்கினார். ஒரே ஆண்டில் இருமுறை அறை மாறி, இரண்டாவது முறை ஏற்றி இறக்கியதில் வரைகலை அட்டை செருகியிருந்த இடமே விரிந்துவிட்டது. நகர்ந்துகொண்டே இருப்பவர்களுக்கும், எழுத்து, கணக்கு, இணைய வகுப்பு என்ற அளவில் வேலை உள்ளவர்களுக்கும் மடிக்கணினியே சரி. அந்த வேலைகளுக்கு 1255யு தாராளமாகப் போதும். ரெண்டர் வேலைக்கு நான் பிறகு மேசைக்கணினி வாங்கிவிட்டேன். பழைய மடிக்கணினி இப்போது என்னோடு கல்யாண மண்டபத்துக்கு வருகிறது. தாலி கட்டி முடிந்ததும் கேமரா அட்டைகளை அங்கேயே இரண்டு வன்தட்டுகளில் நகலெடுத்துவிடுகிறேன்.

வரிக்கழிவு

மலேசிய வருமான வரியில் வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 ரிங்கிட் வரிக்கழிவில், நூல், கைப்பேசி, இணையக் கட்டணத்தோடு சேர்த்துக் கணினியும் அடங்கும்; தொழிலுக்கு வாங்கிய கணினியை அதில் காட்டக்கூடாது.