கிங் ஷாகாவில் செஸ்னாவை இறக்குவது எப்படி?

விமானம் ஓட்டும் வீடியோ கேமான மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், 2021 ஜூலையில் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் கன்சோலுக்கு வந்தது. அதிலிருந்து டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு ஹாலில் ஞாயிறு மதியம் என்றால், யாராவது ஒருவர் விமானத்தைக் கரும்புக்காட்டில் குத்திக்கொண்டிருப்பார். கடுப்பில் கன்ட்ரோலரைச் சோபாவில் எறிவார், டீ ஆறுவதற்குள் மறுபடி எடுப்பார். எந்த நொடியில் கெட்டது என்பது ஒவ்வொரு முறையும் பளிச்சென்று தெரிந்துவிடுகிறதே, எப்படி விட மனசு வரும்? பறப்பது சுலபம். உயிரை வாங்குவது இறங்குவதுதான். டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்தில் அதை மட்டும் செய்து பார்ப்போம்.

படி 1: தயார் செய்தல்

செஸ்னா 172 என்ற குட்டி ஒற்றை எஞ்சின் விமானத்தை எடுங்கள். ஜெட் வேண்டாம். வானிலை தெளிவாக இருக்கட்டும், காற்று பூஜ்ஜியம். உதவி அமைப்புகளில் ஆட்டோ-ரடரை (வாலிலுள்ள திருப்பியைத் தானாகவே இயக்குவது) ஆன் செய்துவிட்டால், அதை இயக்கும் ட்ரிகர் பட்டன்களைப் பற்றிக் கவலையில்லை. நிலப்பரப்பெல்லாம் இணையத்திலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும், அதனால் டேட்டாவைக் கவனியுங்கள்.

படி 2: எங்கிருந்து தொடங்குவது

வரைபடத்தில், டர்பனுக்கு வடக்கே உள்ள கடற்கரை ஊரான உம்ஷ்லாங்காவுக்கு மேலே ஓர் இடத்தைத் தொட்டால் வானத்திலேயே தொடங்கலாம். கடல் வலப்பக்கம் இருக்கும்படி வடகிழக்கே போனால் கிங் ஷாகாவின் 06-ஆம் ரன்வே நேர் எதிரே வரும். நீளம் 3.7 கிலோமீட்டர். நம் குட்டி விமானத்துக்கு அதில் கால்வாசிகூடத் தேவையில்லை, அதனால் தாராளமாகத் தப்புச் செய்யலாம். ரன்வேக்கு 7 கிலோமீட்டர் முன்னால் 1,500 அடி உயரத்தில் இருங்கள்.

படி 3: கட்டைவிரலை அடக்குதல்

ஆட்டமே இங்கேதான். இடது ஸ்டிக்கை அசைத்தால் விமானம் கொஞ்சம் தாமதித்துத்தான் திரும்பும். ஒன்றும் நடக்கவில்லையே என்று இன்னும் அழுத்துவோம். இரண்டும் சேர்ந்து வேலை செய்து இறக்கை சாய, பதறி எதிர்ப்பக்கம் தள்ளுவோம், அது அந்தப் பக்கம் சாயும். என் சித்தப்பா மகன் பிடிக்கும்போது பார்த்திருக்கிறேன்: கட்டைவிரல் நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தியிருப்பான். தொட்டு விடுங்கள், ஒரு நொடி பொறுங்கள், அப்புறம் தேவையானால் மறுபடி தொடுங்கள்.

இன்னொன்று: உயரம் குறைந்தால் மூக்கைத் தூக்காதீர்கள். தூக்கினால் வேகம் செத்து, விமானம் இன்னும் வேகமாக இறங்கும். உயரத்துக்கு எஞ்சின் விசையைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் (ஏ பட்டன் கூட்டும், பி பட்டன் குறைக்கும்), வேகத்துக்கு மூக்கு. விமானப் பயிற்சியிலும் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

படி 4: ஃபிளாப்

வேகம் 85 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற அளவு) என்பதற்குக் கீழே வந்ததும், இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடலான ஃபிளாப்பை ஒவ்வொரு கட்டமாக இறக்குங்கள். மூக்கு தானாக எழும். மெல்ல முன்னால் தள்ளி 65 நாட் வேகத்தில் நிறுத்துங்கள்.

படி 5: நான்கு விளக்கு

ரன்வே ஓரத்தில் வரிசையாக நான்கு விளக்கு எரியும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான உயரம். நாலும் சிவப்பு என்றால் கரும்புக்காடு. நாலும் வெள்ளை என்றால் அதிக உயரம், த்ராட்டிலைக் குறையுங்கள்.

படி 6: தரை தொடுதல்

இருபது அடி உயரத்தில் த்ராட்டிலை முழுக்க மூடி, ஸ்டிக்கை நூல் நூலாகப் பின்னால் இழுங்கள். பார்வை ரன்வேயின் தூர முனையில் இருக்கட்டும். முன்சக்கரம் தொடுவதற்கு முன்பே பின்சக்கரங்கள் தரையைத் தொட வேண்டும்.

துள்ளிவிட்டதா? மூக்கைக் கீழே தள்ளி அமுக்கப் பார்க்காதீர்கள், அடுத்த துள்ளல் இன்னும் மோசமாக இருக்கும். முழு த்ராட்டில் கொடுத்து மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். (லோட் ஷெடிங் மும்முரமாக இருந்த நாட்களில், இந்த நேரம் பார்த்துத்தான் கரண்ட் போகும். அதற்கு வழி சொல்ல என்னால் முடியாது.)

காற்று இல்லாமல் இறங்கக் கை பழகியபின் ரன்வேக்குப் பக்கவாட்டில் வீசும் குறுக்குக் காற்றுக்குப் போகலாம். அதற்கு டர்பன் உதவாது. இங்கே காற்று பெரும்பாலும் கடற்கரையை ஒட்டியே வீசும், ரன்வேயும் அதே திசைதான். கேப் டவுன் விமான நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, தென்கிழக்குக் காற்றை 15 நாட் வேகத்தில் வையுங்கள். ஆட்டோ-ரடரை அப்போது ஆஃப் செய்துவிடுங்கள்.