மினி டிராக்டருக்கு அரை கேஜ் வீல்: பட்டறையில் நாமே செய்வது எப்படி?

சேற்றுழவில் மினி டிராக்டர் சிக்கிக்கொண்டால், வண்டிக்குக் குதிரைத்திறன் போதவில்லை என்று சொல்லிவிடுகிறோம். டயரைக் குனிந்து பார்த்தால் காரணம் தெரியும். பற்களின் இடைவெளி முழுக்கக் களிமண் அப்பி, டயர் மொழுக்கென்று உருளையாகியிருக்கும். அதன்பின் எவ்வளவு ஆக்சிலேட்டர் கொடுத்தாலும் குழிதான் ஆழமாகும். பனி பெய்யும் நாடுகளில் இதற்குப் பின்சக்கரத்தைச் சுற்றி ரப்பர் பட்டை மாட்டி அரை டிராக் ஆக்குகிறார்கள். நெல் வயலின் களியில் அது சரிவராது. பட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவே சேறு ஏறிப் பட்டையைக் கழற்றிவிடும். நமக்கு ஏற்றது அரை கேஜ் வீல். டயர் இருந்தபடியே இருக்க, அதன் வெளிப்பக்கம் போல்ட் போட்டு மாட்டும் இரும்புக் கூண்டு இது: இரண்டு வளையம், அவற்றின் மேல் குறுக்கே பற்கள், வளையங்களை நடுவோடு இணைக்கும் ஆரக்கால்கள்.

இரும்பு வாங்கப் போகும் முன் வண்டியில் மூன்று அளவுகள் எடுக்க வேண்டும். பாதிப் பேர் தவறுவது இங்கேதான்.

முதலாவது டயரின் முழு விட்டம். கேஜ் வீலின் வெளிவிட்டம், பல்லையும் சேர்த்து, டயரைவிட 10 செ.மீ. குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் கெட்டித் தரையில் டயர் மட்டும் நிலத்தைத் தொடும். டயர் 5 செ.மீ. அமுங்கிய பிறகே கேஜ் பிடிக்கும். இரண்டாவது, டயரின் வெளிப்பக்கம் நேர்ச்சட்டம் வைத்து, அங்கிருந்து வீல் டிஸ்க் (போல்ட் போடும் நடுத்தகடு) வரை உள்ள ஆழம். இதைத் தரையைத் தொடும் இடத்தில், எடை தாங்கி டயர் பிதுங்கி நிற்கும் பாகத்தில் அளக்க வேண்டும். மேல்பாகத்தில் அளந்து செய்த கேஜ், வயலில் இறங்கியதும் டயரின் பக்கச் சுவரை உரசி அறுத்துவிடும். பிதுங்கிய டயருக்கும் கேஜுக்கும் இடையே 5 செ.மீ. விடுங்கள், சேறு வெளியேறவும் அந்த இடம் வேண்டும். மூன்றாவது, வீல் போல்ட்டுகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும். அட்டையை அழுத்தி அச்சு எடுத்துவிட்டால் பிசகாது.

இனி, டயர் விட்டம் 90 செ.மீ. என்று வைத்துக் கணக்குப் போடுவோம். கேஜின் வெளிவிட்டம் 80 செ.மீ. பல்லுக்கு 40×40×6 மி.மீ. ஆங்கிள் (L வடிவ இரும்பு), இரு பக்கமும் 4 செ.மீ. உயரம் கழித்தால் வளையத்தின் விட்டம் 72 செ.மீ. வளையத்துக்கு 40×8 மி.மீ. பட்டை. 72-ஐ 3.14-ஆல் பெருக்கி வெட்டாதீர்கள். வளைக்கும்போது பட்டையின் நடுக்கோடுதான் நீளம் மாறாமல் நிற்கும், அதனால் 71.2-ஐப் பெருக்கி, 224 செ.மீ. வெட்ட வேண்டும். அந்த இரண்டரை செ.மீ. வித்தியாசத்தில்தான் வளையம் முட்டை வடிவமாகிறது.

ஒரு பக்கத்துக்கு இரண்டு வளையம், 28 செ.மீ. நீளத்தில் 12 பல், 27 செ.மீ. அளவில் 9 ஆரக்கால். ஆறு கால்கள் டயர் பக்க வளையத்துக்கு, மூன்று வெளி வளையத்துக்கு. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 6 மீட்டர் நீளப் பட்டை இரண்டு, 6 மீட்டர் ஆங்கிள் இரண்டு போதும். ஒரு ஆங்கிளில் 21 பல்லை வெட்டிவிட்டு, மற்றதில் மீதி மூன்று பல்லும் 18 ஆரக்காலும் எடுக்க வேண்டும். வெட்டுச் சேதாரம் போக இடம் கொஞ்சம்தான். நடுவில் 10 மி.மீ. தகடும், அதிலிருந்து வெளி வளையம் வரை நீளும் 6 இஞ்ச் பைப்பும். போல்ட் மையத்துக்கும் பைப்புக்கும் இடையே குறைந்தது 2 செ.மீ. இல்லையென்றால் பாக்ஸ் ஸ்பேனர் நுழையாது. அதற்கேற்ப பைப்பின் அளவை மாற்றிக்கொள்ளுங்கள். பைப் அளவு மாறினால் ஆரக்கால் நீளமும் மாறும். முடிந்தபின் ஒரு கேஜ் சுமார் 43 கிலோ வரும்.

பற்களை 20 டிகிரி சாய்த்து வையுங்கள். டயர் பக்கத்து முனைதான் முதலில் சேற்றில் இறங்க வேண்டும். அப்போது சேறு வெளியே தள்ளப்படும். திருப்பி வைத்தால் அத்தனை சேறும் டயருக்கும் கேஜுக்கும் நடுவே போய் அடையும். எனவே இடது கேஜும் வலது கேஜும் கண்ணாடியில் பார்த்தது போல எதிரெதிராக அமையும். ஒரே மாதிரி இரண்டு செய்துவிட்டுப் பிறகு பல்லை அறுத்தெடுப்பது பெரும் நஷ்டம். ஆங்கிளின் வழுவழுப்பான முதுகு சுழலும் திசையைப் பார்க்கட்டும். உள்மூலை அந்தப் பக்கம் இருந்தால் மண் அதில் கட்டியாகும். சாய்த்து வைத்த ஆங்கிள் வளையத்தில் முழுதாக உட்காராது, ஓரத்தில் சில மி.மீ. இடைவெளி தெரியும். அதில் துண்டுக் கம்பி வைத்து அடைத்து வெல்டு செய்யுங்கள். வெறும் வெல்டிங்கால் நிரப்பினால் முதல் வரப்பிலேயே பல் பெயரும். பல்லுக்குப் பல் இடைவெளி 18.8 செ.மீ. பிடிப்பு கூடும் என்று 16 பல் வைப்பவர்கள் உண்டு. டெல்டாக் களிமண்ணில் அது அடைத்துக்கொண்டு மறுபடி உருளையாகிவிடும்.

முதலில் எல்லாவற்றையும் டேக் (சிறு புள்ளி வெல்டு) மட்டும் அடியுங்கள். ஹப்பில் மாட்டி, சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றி, சாக்பீஸ் பிடித்துப் பாருங்கள். 5 மி.மீ.க்கு மேல் ஆடினால் தட்டிச் சரிசெய்ய வேண்டும். பிறகு கழற்றிக் கீழே வைத்து, 3.15 மி.மீ. வெல்டிங் ராடில் எதிரெதிர்ப் பக்கங்களை மாற்றி மாற்றி முழு வெல்டு. வண்டியில் மாட்டியபடி வெல்டு செய்தால் கரண்ட் பேரிங் வழியே பாய்ந்து அதைக் கெடுக்கும். டயர் ஏற்றிய ரிம்மில் வெல்டிங், கேஸ் கட்டிங் எதுவும் கூடவே கூடாது. உள்ளே காற்று சூடேறி டயர் வெடித்து உயிரே போகும்.

10 மி.மீ. தகடு கூடுவதால் பழைய வீல் போல்ட் நீளம் பற்றாது. நட்டின் மரை முழுதும் பிடித்து, போல்ட் முனை நட்டைத் தாண்டி வெளியே தெரிய வேண்டும். பழைய போல்ட்டின் அதே தரத்தில், அதைவிட 10 மி.மீ. கூடுதல் நீளமானது வாங்குங்கள். வயலில் அரை மணி ஓட்டியதும் ஒருமுறை முறுக்கிவிடுங்கள். பெயிண்ட் நசுங்கிப் போல்ட் தளர்வது வழக்கம். தளர்ந்த போல்ட்தான் அறுகிறது.

டயருக்குள் தண்ணீர் நிரப்பியிருந்தால் இறக்கிவிடுங்கள், எடைக்கட்டிகளையும் கழற்றுங்கள். சேற்றில் எடை குறைவாக இருப்பதே நல்லது. கேஜின் அகலத்தை 26 செ.மீ.க்கு மேல் கூட்ட வேண்டாம். தள்ளிப் போகப் போக ஆக்சில் பேரிங்கின் பாடு கூடும். வரப்பை நேராக ஏறாமல் மண்வெட்டியால் சரிவு வெட்டி, பின்னோக்கி ஏற்றுங்கள். வண்டி புதைந்துவிட்டால் சக்கரத்தில் கட்டை கட்டி முன்னோக்கி எடுக்கும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. கட்டை பிடித்துச் சக்கரம் சுற்ற முடியாமல் நின்றால், அந்த விசை வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிவிடும். ஓட்டுபவர் மேலேயே கவிழும். ரிவர்ஸில் வரப் பாருங்கள், வராவிட்டால் இன்னொரு வண்டியால் இழுங்கள்.

தார்ச் சாலை ஏறும் முன் இரண்டையும் கழற்றி டிரெய்லரில் போடுங்கள். டயர் கொஞ்சம் காற்றிறங்கினாலும் பல் சாலையைக் கொத்திவிடும்.