ரேஸ் கேமுக்கு ஸ்டியரிங் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரேஸ் கேமுக்கு ஸ்டியரிங் வாங்க வருபவர்களின் கண் முதலில் போவது சக்கரத்துக்குத்தான். தோல் உறை போட்டிருக்கிறதா, எத்தனை பொத்தான், ஃபெராரிச் சின்னம் உண்டா என்றெல்லாம் வடிவாகப் பார்ப்பார்கள். பெடலைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எங்கே பூட்டப் போகிறோம் என்ற யோசனை பெட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் வரும்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இப்படி வாங்கினால் கஷ்டம். கையால் தொட்டு, ஓட்டிப் பார்த்து எடுக்கும் வாய்ப்பு இங்கே குறைவு. கொழும்பில் யூனிட்டி பிளாசாப் பக்கம் போக வேண்டும், அல்லது இணையத்தில் ஓடர் கொடுக்க வேண்டும், அல்லது வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டு வர வேண்டும். வந்தது சரிவராவிட்டால் திருப்பிக் கொடுப்பது லேசல்ல. ஆகவே காசு கைமாற முதல் நான்கு விஷயத்தைத் தீர்மானித்துவிடுங்கள்: எந்த மெஷினில் ஓடப் போகிறது, உள்ளே மோட்டர் உண்டா, பிரேக் எப்படி, எங்கே பூட்டுவது. சக்கரத்தின் வடிவு இதற்கெல்லாம் பிறகுதான்.

அதிர்வையும் விசையையும் ஒன்றென்று நினைப்பது

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். விலை குறைந்த ஸ்டியரிங் பெட்டிகளில் ‘வைப்ரேஷன் ஃபீட்பேக்’ என்று பெரிதாக எழுதியிருக்கும். கைபேசி அதிர்வதுபோல இதுவும் அதிரும், அவ்வளவுதான். ‘ஃபோர்ஸ் ஃபீட்பேக்’ முற்றிலும் வேறு விஷயம்.

உண்மையான காரில் வளைவெடுக்கும்போது முன் டயர்கள் ஸ்டியரிங்கை நேராக்கப் பார்க்கும். நம்முடைய கை அந்த விசையை எதிர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும். டயர் தரைப்பிடியை இழக்கத் தொடங்கியதும் அந்த விசை குறைந்து ஸ்டியரிங் இலேசாகிவிடும். கார் வளையாமல் நேரே வெளியே போகப் போகிறது என்பது கண்ணுக்குத் தெரிய முதலே கைக்குத் தெரிந்துவிடும். பின் டயர் வழுக்கினால் ஸ்டியரிங் தானாகவே வழுக்கும் பக்கம் ஓடப் பார்க்கும்; அதை விட்டுப் பிடித்தால் கார் மீளும். ஃபோர்ஸ் ஃபீட்பேக் உள்ள சக்கரத்தில் கேம் இந்த விசையைக் கணக்கிட்டு அனுப்பும், உள்ளே இருக்கும் மோட்டர் அதை உங்கள் கையில் தரும். அதிர்வு மட்டும் உள்ள சக்கரத்தில் இந்தச் செய்தி எதுவும் வராது. திரையைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். அதற்குச் சாதாரண கொன்ட்ரோலரே போதும், அதில் இன்னும் வேகமாகவும் ஓட்டலாம்.

இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. கடையில் மின் இணைப்பு எதுவும் இல்லாமல் சக்கரத்தைக் கால்வாசி திருப்பிக் கையை எடுங்கள். அது தானாகத் துள்ளி நடுவுக்கு வந்தால் உள்ளே இருப்பது ரப்பர் நாடாவோ ஸ்பிரிங்கோ. திருப்பிய இடத்திலேயே நின்றால் மோட்டர் இருக்க வாய்ப்பு அதிகம். பிறகு மின்சாரமும் யூஎஸ்பியும் கொடுத்துப் பாருங்கள். மோட்டர் உள்ள சக்கரம் பெரும்பாலும் யாரும் தொடாமலே இடமும் வலமுமாக முழுக்கச் சுற்றித் தன் நடுவைக் கண்டுபிடித்து நிற்கும்.

மோட்டரிலும் வகை உண்டு. லொஜிடெக் ஜி29, ஜி920, ஜி923 எல்லாம் பற்சக்கரத்தில் இயங்குபவை. உறுதியானவை, ஆனால் குண்டும் குழியுமான பாதையில் ‘கடகட’ என்று சத்தம் போடும். பிள்ளைகள் படுத்த பிறகு ஓட்டுவதென்றால் அதை யோசிக்க வேண்டும். த்ரஸ்ட்மாஸ்டர் டி300 பெல்ட்டில் இயங்குவது, வழவழப்பாகவும் சத்தம் குறைவாகவும் இருக்கும். மோட்டர் தண்டிலேயே சக்கரத்தைப் பூட்டிய ‘டைரக்ட் டிரைவ்’ வகை எல்லாவற்றிலும் தெளிவானது. மோசா ஆர்5, ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி போன்றவை அந்த வகை. ஆனால் அந்த விசையைத் தாங்க உறுதியான தாங்கியும் வேண்டும். சாதாரண எழுத்து மேசையில் அதைப் பூட்டுவது வீண்.

ஏழெட்டு வயதுப் பிள்ளை விளையாடத்தான் என்றால் ரப்பர் நாடாச் சக்கரமே தாராளம். ஓ.எல். முடித்த பெடியனோ பெரியவர்களோ பழக என்றால், புதிதாக ஒரு மோட்டரில்லாத சக்கரம் வாங்கும் காசுக்கு நல்ல பழைய ஜி29 தேடுவதுதான் என் தெரிவு.

மெஷினைப் பார்க்காமல் வாங்குவது

பொதுவாகப் பிளேஸ்டேஷனுக்கான சக்கரம் எக்ஸ்பொக்ஸில் ஓடாது, எக்ஸ்பொக்ஸினது பிளேஸ்டேஷனில் ஓடாது. ஒரே தோற்றம், ஒரே உள்பாகம் என்றாலும் ஓடாது. ஜி29 பிளேஸ்டேஷனுக்கு, ஜி920 எக்ஸ்பொக்ஸுக்கு. இரண்டும் கணினியில் ஓடும். ஜி923இலும் த்ரஸ்ட்மாஸ்டர் டி248இலும் இந்தக் குழப்பம் இன்னும் கூட, ஏனென்றால் ஒரே பெயரில் இரண்டு வகையும் விற்பனைக்கு உண்டு. மோசா ஆர்5 கணினிக்கு மட்டும். பழைய ஜி27 கணினியில் இன்றும் நன்றாக ஓடும், ஆனால் பிளேஸ்டேஷன் 4 அதை ஏற்காது.

எந்தக் கேம் என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. அசெட்டோ கோர்சா, டேர்ட் ரேலி 2.0, கிரான் டுரிஸ்மோ 7, யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 போன்றவை ஸ்டியரிங்கை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. ஜிடிஏ 5 அப்படியல்ல, கணினியில் மொட் (கேமை மாற்ற வெளியாட்கள் செய்த கோப்பு) போடாமல் அதில் ஒழுங்காக ஓட்ட முடியாது. கிரான் டுரிஸ்மோ 7இன் பெரும்பகுதிக்கு இணையத் தொடர்பும் வேண்டும். வீட்டில் டேட்டா மட்டும்தான் என்றால் அதையும் கணக்கில் எடுங்கள்.

சக்கரம் மொத்தம் எவ்வளவு சுற்றும் என்ற சுழற்சிப் பாகையைப் பற்றி நீட்டத் தேவையில்லை. 180 அல்லது 270 பாகைச் சக்கரத்தில் லொறி ஓட்ட முடியாது, காரும் துள்ளும். 900 பாகை என்றால் இரண்டரைச் சுற்று, அது போதும். 900க்கும் 1080க்கும் உள்ள வித்தியாசத்துக்காக ஒரு சதமும் கூடக் கொடுக்க வேண்டாம்.

பெடலைக் கவனிக்காமல் விடுவது

ரேஸில் நேரம் போவதும் கிடைப்பதும் பிரேக்கில்தான். வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடத் தெரிந்தவர் முன்னுக்குப் போவார். ஆனால் மலிவான பெடலில் பிரேக்கும் அக்சிலரேட்டரும் ஒரே மென்மையில் இருக்கும். எவ்வளவு மிதித்தோம் என்பது காலுக்குத் தெரியவே தெரியாது.

நம்முடைய கால் தூரத்தைவிட அழுத்தத்தைத்தான் நன்றாக ஞாபகம் வைக்கும். அதனால்தான் பெடல் போன தூரத்தை அளக்காமல், மிதித்த பலத்தை அளக்கும் ‘லோட் செல்’ பிரேக்கை எல்லாரும் விரும்புகிறார்கள். அது விலை கூட. அதற்கு வழியில்லாவிட்டால் பிரேக் பெடலுக்குள் ரப்பர் கட்டை வைத்த ஜி29 மாதிரியான பெடலைப் பாருங்கள். பாதி மிதித்ததும் அது இறுகும். புதிதாகப் பழகுபவர்கள் இது கல்லு மாதிரி இருக்கிறது என்று முறையிட்டு ரப்பரைக் கழற்றிவிடுவார்கள். கழற்ற வேண்டாம், கால் பழகிவிடும்.

டி300இன் அடிப்படைப் பொதியில் இரண்டு பெடல்தான் வரும் என்பதையும் கவனியுங்கள். கிளச்சும் கியர்த்தடியும் பூட்டி ஓட்டுவதுதான் ஆசை என்றால் மூன்று பெடல் உள்ள பொதி வேண்டும், கியர்த்தடியையும் பெரும்பாலும் தனியாகத்தான் வாங்க வேண்டும். நாங்கள் இடது கையால் கியர் மாற்றிப் பழகியவர்கள். ஆகவே மேசையின் இடப்பக்கத்தில் அதைப் பூட்ட இடம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். பலருடைய மேசையில் அந்தப் பக்கம் லாச்சி இருக்கும், கவ்வி உள்ளே போகாது.

பூட்டும் இடத்தை மறப்பது

வாங்கிய ஸ்டியரிங் ஒரு மாதத்தில் அலுமாரிக்கு மேலே போவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். ஓட்ட உட்காரும்போதெல்லாம் ஏதாவதொன்று அசைந்தால் ஆசை விட்டுப்போகும்.

ஜி29 பெடலின் அடியில் மடக்கி எடுக்கும் பல்வரிசை ஒன்று இருக்கிறது. அது கார்ப்பெட்டைக் கவ்வுவதற்காகச் செய்தது. நம்முடைய வீடுகளில் இருப்பது மினுக்கிய சீமெந்துத் தரை அல்லது டைல்ஸ். பிரேக்கை ஓங்கி மிதித்தால் பெடல் சுவர்ப்பக்கம் ஓடும். நீங்கள் சில்லு வைத்த கதிரையில் இருந்தால் பெடல் முன்னுக்கும் நீங்கள் பின்னுக்குமாகப் போவீர்கள். பிளாஸ்டிக் கதிரையோ அழுத்தத்துக்கு முதுகுப்பக்கம் வளைந்து கொடுக்கும், மிதித்த பலத்தில் பாதி அதிலேயே போய்விடும்.

செலவில்லாத வழி இது. மேசையைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பெடலுக்கும் சுவருக்கும் நடுவில் சரியான நீளத்துக்கு வெட்டிய தடித்த மரக்கட்டையை வையுங்கள். பெடலின் அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினால் பக்கவாட்டிலும் வழுக்காது. கதிரை நாலு கால் மரக்கதிரையாக இருக்கட்டும். கண்ணாடி மேசையில் மட்டும் எக்காரணம் கொண்டும் கவ்வியை இறுக்காதீர்கள், வெடித்துவிடும்.

இதை விடவும் நல்லது ஒரு தாங்கி. இணையத்தில் விற்கும் தாங்கிகளுக்குக் கொடுக்கும் காசைக் கேட்டால் மனம் வராது. அளவை ஒரு தாளில் கீறி, பக்கத்தில் இருக்கும் வெல்டிங் பட்டறையில் கொடுத்தால் சதுரக் குழாயில் அழகாகச் செய்து தருவார்கள். சக்கரம் நிற்கும் உயரம், பெடல் சாய்வு, கதிரையிலிருந்து தூரம், இந்த மூன்றையும் நீங்கள் உட்கார்ந்து, இன்னொருவரை அளக்கச் சொல்லிக் கொடுங்கள். பெடல் தட்டையும் சக்கரத் தூணையும் ஒரே சட்டத்தில் ஒட்டச் சொல்வது முக்கியம். ஸ்டியரிங் வாங்க ஒதுக்கிய காசில் ஒரு பங்கை இதற்கென்று முதலே எடுத்து வையுங்கள். தேவையென்றால் சக்கரத்தில் ஒரு படி குறைந்ததை வாங்கலாம்.

வெளிநாட்டிலிருந்து கொண்டு வரச் சொல்வது

“மாமா, வாங்க முதல் பெட்டியையும் அடாப்டரில இருக்கிற எழுத்தையும் படம் எடுத்து அனுப்புங்கோ.”

“எல்லாம் ஒண்டுதானே தம்பி?”

ஒன்றல்ல. மாமா இருப்பது கனடா என்றால் அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. அடாப்டரில் ‘இன்புட் 100–240’ என்று இருந்தால் பயமில்லை, பிளக்கை மாற்றினால் போதும். 120 மட்டும் என்று இருந்தால் அதை இங்கே நேரடியாகச் செருகக் கூடாது, எரிந்துவிடும். சில மாதிரிகளில் மின்வழங்கி சக்கரத்தின் அடிப்பெட்டிக்குள்ளேயே இருக்கும். அப்போது அடாப்டரை மட்டும் மாற்றித் தப்ப முடியாது, மின்மாற்றிதான் வைக்க வேண்டும். அடிப்பெட்டியின் கீழே ஒட்டியிருக்கும் லேபிளையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். லண்டன், பாரிஸ், சூரிச் பக்கமிருந்து வருவதென்றால் அங்கேயும் 230தான், இந்தத் தலையிடி இல்லை.

பாரத்தையும் சொல்லிவிடுங்கள். ஜி29இன் சக்கரம் 2.25 கிலோ, பெடல் 3.1 கிலோ, அடாப்டரும் பெட்டியும் வேறு. பலாலிக்கு வந்தாலும் கட்டுநாயக்காவுக்கு வந்தாலும் பொதியில் அவ்வளவு இடத்தை விட்டுத் தருவது மாமிக்குச் சின்ன விஷயமல்ல. உத்தரவாதம் வாங்கிய நாட்டோடு முடிந்துவிடலாம் என்பதையும் தெரிந்துகொண்டே கேளுங்கள்.

பழையதைப் பாராமல் வாங்குவது

இக்மன் விளம்பரத் தளத்தில் பார்த்து வாங்குவதென்றால் நேரில் போய், கணினியில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். விண்டோசின் கேம் கொன்ட்ரோலர் பகுதியைத் திறந்து ஒவ்வொரு பெடலையும் மிக மெதுவாக மிதியுங்கள். திரையில் கோடு சீராக ஏற வேண்டும். நடுவில் துள்ளினாலோ, காலை எடுத்த பிறகும் கொஞ்சம் மிச்சம் நின்றாலோ, உள்ளே பெடலின் அசைவை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் தூசி ஏறியிருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. தூசியென்றால் கொன்டக்ட் கிளீனர் அடித்துச் சரிப்படுத்தலாம், ஆகவே இது விலை குறைக்க நல்ல காரணம். சக்கரம் தொடக்கச் சுழற்சியில் நடுவைத் தவறவிட்டால், அல்லது ஒரு பக்கம் மட்டும் அரைபடும் சத்தம் வந்தால், விட்டுவிடுங்கள். அடாப்டர் இல்லை, வெளியே வாங்கலாம் என்று சொல்பவரிடமும் வாங்காதீர்கள். அடாப்டர் இல்லாமல் மோட்டரைச் சோதிக்கவே முடியாது.

சோளகக் காலத்துத் தூசியும் கடற்கரைப் பக்கத்து உப்புக்காற்றும் பெடலுக்குள் போகும். ஓட்டி முடிந்ததும் ஒரு துணியால் மூடி வைத்தாலே ஆயுள் கூடும்.

கடைசித் தவறு, வாங்கிய அன்றே விசையை முழுதாகக் கூட்டிவிடுவது. ஜி29 போன்ற சிறிய மோட்டர் தன் எல்லையைத் தொட்டதும் அதற்கு மேல் எல்லா விசையையும் ஒரே அளவாகத்தான் காட்டும். டயர் பிடி இழக்கும் அந்த நுணுக்கமான இறக்கம் அதற்குள் மறைந்துவிடும். கேமில் விசை அளவைக் குறைத்து, நீண்ட வேக வளைவொன்றில் ஓட்டிப் பாருங்கள். வளைவின் நடுவில் இன்னும் கொஞ்சம் திருப்பும்போது ஸ்டியரிங் இலேசாவது கைக்குத் தெரிகிறதா என்று கவனியுங்கள். தெரியும் வரை குறைத்துக்கொண்டு போங்கள்.