குழந்தைக்குப் பரசிட்டமோல் அளவுக்கு மேல் போய்விட்டால்: கொழும்புப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கூடிப்போய்விட்டது என்று தெரிந்தவுடன், மருந்துப் போத்தலையும் அதை ஊற்றிய கரண்டியையோ சிறிஞ்சையோ எடுத்து ஒரு பக்கத்தில் வையுங்கள். குழந்தையின் வாயில் மருந்து எஞ்சியிருந்தால் துடைத்துவிட்டு, மருந்து உள்ளே போன நேரத்தை ஒரு கடதாசியில் எழுதுங்கள். குழந்தை மூச்செடுக்கச் சிரமப்பட்டாலோ, எழுப்பியும் எழும்பாமல் துவண்டு கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ இதற்கு மேல் வாசிக்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டால், கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இயங்கும் தேசிய நஞ்சுத் தகவல் நிலையத்தை 011 268 6143 என்ற இலக்கத்தில் அழைத்து ஆலோசனை கேட்கலாம். அழைப்பு எடுபடவில்லை என்றால் திரும்பத் திரும்ப முயன்று நேரத்தைப் போக்காமல் நேரே வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள்.

பரசிட்டமோலைப் பொறுத்தவரை, குழந்தையின் தோற்றத்தை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. "நன்றாக விளையாடிக்கொண்டுதானே இருக்கிறான், பிறகு பார்ப்போம்" என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் சொல்வது இயல்புதான். ஆனால் இந்த ஒரு மருந்தில் அந்த ஆறுதலுக்கு இடமில்லை. உடலுக்குள் போகும் பரசிட்டமோலின் பெரும்பகுதி தீங்கில்லாமல் சிறுநீரோடு வெளியேறுகிறது. எஞ்சும் சிறு பகுதியை ஈரல் ஒரு நச்சுப் பொருளாக மாற்றுகிறது. குளூட்டாதயோன் என்ற பொருள் அந்த நஞ்சைப் பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடும். மருந்து மிகுந்துபோகும்போது குளூட்டாதயோன் தீர்ந்துவிட, நஞ்சு ஈரற் கலங்களையே தாக்கத் தொடங்குகிறது. இதற்கு நேரம் எடுக்கும். முதல் நாளில் சிறிது சத்தி, வெளிறிய முகம், உணவில் விருப்பமின்மை ஆகியவை தெரியலாம். ஒன்றுமே தெரியாமலும் போகலாம். இரண்டாம், மூன்றாம் நாள்களில்தான் வலது விலாவின் கீழ் வலி வரும். அதற்குப் பின்னர் கண் மஞ்சளாதல், இரத்தக் கசிவு, மயக்கம் என்று நிலைமை மோசமடையலாம். இந்த நஞ்சை முறிக்கும் மாற்று மருந்து முழுப் பயன் தருவதோ முதல் 8 மணித்தியாலங்களுக்குள். ஆகவே, அறிகுறி வரும் வரை காத்திருக்கும் பெற்றோர், சிகிச்சைக்கு மிகவும் ஏற்ற நேரத்தைத்தான் இழக்கிறார்கள்.

எனவே தோற்றத்தை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும். அதற்கு மூன்று விபரங்கள் போதும்: குழந்தையின் நிறை, போத்தலில் எழுதியுள்ள செறிவு, உள்ளே போன மில்லிலீற்றர் அளவு. நிறை தெரியாவிட்டால் கிளினிக் கொப்பியில் கடைசியாகக் குறித்த நிறையைப் பாருங்கள். செறிவு என்பது போத்தலில் "5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம்" என்பது போல் எழுதப்பட்டிருக்கும். இலங்கையில் பெரும்பாலான வீடுகளில் உள்ள பாணி மருந்து இந்த வகைதான் என்றாலும், 5 மில்லிலீற்றரில் 250 மில்லிகிராம் கொண்ட, பெரிய பிள்ளைகளுக்கான பாணியும் உண்டு. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லிலீற்றரிலேயே 100 மில்லிகிராம் இருக்கக்கூடும். பெயர் ஒன்று, பெட்டியின் நிறமும் ஏறத்தாழ ஒன்று என்பதால் இவை மாறிப்போவது அரிதன்று.

பத்துக் கிலோகிராம் நிறையுள்ள ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். கிலோகிராமுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பதே ஒரு வேளை அளவு என்பதால், இந்தக் குழந்தைக்கு 100 முதல் 150 மில்லிகிராம் தேவை. அதாவது 120 வகைப் பாணியில் ஏறக்குறைய 4 முதல் 6 மில்லிலீற்றர். தேக்கரண்டிக்குப் பதிலாக மேசைக்கரண்டியால் ஒரு தடவை 15 மில்லிலீற்றர் கொடுத்துவிட்டால் 360 மில்லிகிராம், அதாவது கிலோகிராமுக்கு 36 மில்லிகிராம் போயிருக்கும். இது தவறுதான், ஆனால் ஆரோக்கியமான குழந்தை ஒன்றின் ஈரலைக் கெடுக்கும் அளவு அன்று. அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு ஆலோசனை கேட்டால் பெரும்பாலும் போதும். அதே குழந்தை திறந்து கிடந்த 100 மில்லிலீற்றர் போத்தலை முழுவதும் குடித்திருந்தால் 2,400 மில்லிகிராம், கிலோகிராமுக்கு 240. இது அவசர நிலை.

பொதுவாக, 24 மணித்தியாலங்களுக்குள் கிலோகிராமுக்கு 75 மில்லிகிராமுக்கு மேல் போயிருந்தால் குழந்தையை வைத்தியசாலையில் காட்ட வேண்டும். 150 மில்லிகிராமை எட்டினால் ஈரல் பாதிப்பு ஏற்படக்கூடிய எல்லைக்குள் வந்துவிட்டதாகக் கொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தை, நாள்கணக்கில் உண்ணாமலும் சத்தியெடுத்துக்கொண்டும் இருக்கும் குழந்தை, ஈரல் நோயுள்ள குழந்தை, வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து எடுக்கும் குழந்தை ஆகியோருக்கு இந்த எல்லைகளை நம்பி வீட்டில் இருக்கக்கூடாது. எவ்வளவு போனது என்று தெரியாதபோது, போத்தலில் குறைந்திருப்பது முழுவதும் குழந்தையின் வயிற்றுக்குள் போனதாகவே கணக்கிடுங்கள். தரையில் சிந்தியது, சட்டையில் ஊற்றியது என்று கழித்துக் கழித்துச் சிறிய எண்ணுக்கு வருவது மனம் தேடும் வழி; வைத்தியருக்குப் பெரிய எண்ணே தேவை.

ஒரே தடவையில் போத்தலைக் குடித்துவிட்ட குழந்தையை யாரும் கவனிக்காமல் விடுவதில்லை, வீடே பதறிவிடும். சிறிது சிறிதாகக் கூடிப்போவதுதான் உண்மையில் ஏமாற்றும் வகை. சொட்டு மருந்தைப் பாணி என்று எண்ணி, பத்துக் கிலோகிராம் குழந்தைக்கு வேளைக்கு 5 மில்லிலீற்றர் கொடுத்தால் ஒவ்வொரு தடவையும் 500 மில்லிகிராம் போகிறது. மூன்று வேளையில் கிலோகிராமுக்கு 150 ஆகிவிடும், குழந்தையோ சாதாரணக் காய்ச்சல்காரக் குழந்தையாகவே தெரியும். இன்னொரு வழி, மருந்து இரண்டு பெயரில் வருவது. காலையில் தாய் பாணி கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறார். மதியம் அம்மம்மா கொடுக்கிறார். மாலையில் டிஸ்பென்சரியில் வைத்தியர் தந்த கலவை மருந்திலும் பரசிட்டமோல் இருக்கிறது. இரவு காய்ச்சல் ஏறியதும் ஆசன வழியாக வைக்கும் மருந்து ஒன்றும் சேர்கிறது. கொழும்பில் குடும்ப வைத்தியர்கள் பலர் மருந்தைத் தாங்களே கலந்து, பெயரெழுதாத போத்தலிலும் சிறு கடதாசி உறையிலும் தருவது வழக்கம். அந்த உறையை வாங்கும்போதே, "இதில் பரசிட்டமோல் இருக்கிறதா, வீட்டில் உள்ள பனடோலை நிறுத்த வேண்டுமா" என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. தடிமன் மருந்துகள் சிலவற்றிலும் பரசிட்டமோல் உண்டு.

டெங்குக் காலத்தில் இதே தவறு இரண்டு மடங்கு பாரதூரமானது. டெங்கு வைரசு தானாகவே ஈரலைத் தாக்கக்கூடியது. அதோடு, டெங்குக் காய்ச்சல் பரசிட்டமோலுக்கு முழுமையாக இறங்குவதும் இல்லை. காய்ச்சல் இறங்கவில்லை என்ற பயத்தில் ஆகக் குறைந்த நான்கு மணித்தியால இடைவெளியை மூன்றாகவும் இரண்டாகவும் குறைப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. ஒரு நாளில் நான்கு வேளை, மொத்தம் கிலோகிராமுக்கு 60 மில்லிகிராம் என்ற எல்லையைக் காய்ச்சலுக்காகத் தாண்டக்கூடாது. இளஞ்சூட்டு நீரில் நனைத்த துணியால் உடலைத் துடைக்கலாம், நீராகாரம் கொடுக்கலாம். இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். காய்ச்சலுள்ள குழந்தைக்கு மருந்து கூடிப்போயிருந்தால், கணக்கு எல்லைக்குச் சற்றுக் கீழே வந்தாலும் வைத்தியரிடம் காட்டுவதே என் பரிந்துரை.

செய்யக்கூடாதவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொண்டையில் விரல் விட்டோ உப்புத் தண்ணீர் பருக்கியோ சத்தியெடுக்க வைக்காதீர்கள். சத்தி மூச்சுக்குழாய்க்குள் போகலாம், உப்புத் தண்ணீர் தனியே ஒரு நஞ்சாகவும் மாறலாம். பால், இளநீர், தேங்காய்ப்பால், கொத்தமல்லித் தண்ணீர் எதுவும் பரசிட்டமோலை முறிக்காது. ஈரலுக்கு நல்லது என்று சொல்லப்படும் மூலிகைக் கசாயங்களை இந்த வேளையில் கொடுத்தால், பிறகு எது எதனால் வந்தது என்று வைத்தியர்கள் பிரித்தறிய முடியாமல் போகும்.

வைத்தியசாலையைத் தேர்ந்தெடுப்பதில் அருகாமையே முக்கியம். கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, மருதானைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பொரளையிலுள்ள லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை பொருத்தமானது. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்திலிருந்து களுபோவில போதனா வைத்தியசாலைக்கு விரைவில் போகலாம். மாலை வேளைக் காலி வீதி நெரிசலில் சிக்கிக்கொண்டு பொரளைக்கே போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. நன்றாக விழிப்புடன் இருக்கும் குழந்தையை ஆட்டோவிலேயே கொண்டுபோகலாம். அங்கே வெளிநோயாளர் பிரிவு வரிசையில் நிற்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், "பிள்ளைக்குப் பரசிட்டமோல் கூடிப்போய்விட்டது, இத்தனை மணிக்கு, இவ்வளவு, நிறை இவ்வளவு" என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். போத்தல், கரண்டி, கிளினிக் கொப்பி, வேறு மருந்து உறைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். வெற்றுப் போத்தலைக் குப்பையில் போட்டிருந்தாலும் தேடி எடுங்கள். மருந்து கொடுத்தது யார் என்ற விசாரணையை வீட்டில் நடத்திக்கொண்டிருந்தால் உண்மையான அளவு வெளியே வராது. பயந்துபோன அம்மம்மாவோ வீட்டுவேலைக்கு வரும் பெண்ணோ அளவைக் குறைத்துச் சொல்லிவிடுவார். திட்டாமல் கேளுங்கள்.

வைத்தியசாலையில் நடப்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால் பதற்றம் குறையும். குழந்தை மருந்து குடித்து ஒரு மணித்தியாலத்துக்குள் போயிருந்தால், மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் கரித்தூள் கொடுக்கலாமா என்று யோசிப்பார்கள். ஒரே தடவையில் குடித்ததாக இருந்தால், குடித்து 4 மணித்தியாலம் ஆன பின்பே இரத்தம் எடுத்துப் பரசிட்டமோல் அளவைப் பார்ப்பார்கள். அதற்கு முன் எடுத்த அளவைக் கொண்டு ஆபத்தைக் கணிக்க முடியாது. ஆகவே "வந்து இவ்வளவு நேரமாகியும் இரத்தம் எடுக்கவில்லை" என்று தாதியரோடு மல்லுக்கட்ட வேண்டாம். அந்த அளவு, குடித்த நேரத்துக்கேற்ப வரைபடத்தில் வரைந்துள்ள ஆபத்துக் கோட்டுக்கு மேலே இருந்தால் அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்தை நாளம் வழியாக ஏற்றுவார்கள். வழமையான முறையில் அது ஏறக்குறைய 21 மணித்தியாலம் ஓடும். தீர்ந்துபோன குளூட்டாதயோனை ஈரல் மீண்டும் உருவாக்க இது உதவுகிறது. சில குழந்தைகளுக்குத் தோல் சிவத்தல், அரிப்பு போன்றவை வரலாம். உடனே சொன்னால் வேகத்தைக் குறைத்துச் சரிசெய்வார்கள். 8 மணித்தியாலம் கடந்து வந்த குழந்தைக்குப் பெரும்பாலும் முடிவுக்காகக் காத்திராமலே மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். தாமதமாகிவிட்டது என்று எண்ணி வராமல் இருந்துவிடாதீர்கள்; பிந்திக் கொடுத்தாலும் அதற்குப் பயன் உண்டு. நாள்கணக்கில் சிறிது சிறிதாகக் கூடிப்போன குழந்தைக்கு அந்தக் கோடு பொருந்தாது என்பதால், ஈரற் பரிசோதனையையும் இரத்தம் உறையும் நேரத்தையும் பார்த்தே முடிவெடுப்பார்கள்.

மற்ற வலி மருந்துகள் வேறு விதமாக நடந்துகொள்ளும். இபுபுரூபன் கூடினால் வயிற்று வலி, சத்தி, தூக்கக் கலக்கம் ஆகியவை பெரும்பாலும் சில மணித்தியாலங்களுக்குள் தெரிந்துவிடும். மிகப் பெரிய அளவுகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். டெங்கு இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளபோது இபுபுரூபன், டைக்குளோபினாக், அஸ்பிரின் மூன்றும் இரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை என்பதால், சரியான அளவிலும் கொடுக்கக்கூடாது. மூட்டுவலிக்குப் பூசும் எண்ணெய்களைப் பலர் மருந்தாகவே எண்ணுவதில்லை. ஆனால் சுத்தமான வின்டர்கிரீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 7 கிராம் அஸ்பிரினுக்குச் சமமானது. தவழும் குழந்தை ஒரு வாய் குடித்தாலும் கணக்குப் பார்க்காமல் ஓட வேண்டும். தாத்தா பாட்டியின் டிரமடோல், கோடீன் போன்ற வலி மாத்திரைகளுக்கும் இதே விதிதான். அவை மூச்சை அடக்கிவிடும்.

சமையலறைக் கரண்டியை மருந்துக்குப் பயன்படுத்துவதை இன்றோடு நிறுத்திவிட்டு, பாமசியில் கேட்டு ஊசியில்லாத வாய்வழிச் சிறிஞ்ச் ஒன்றை வாங்குங்கள், 0.5 என்ற கோட்டையும் 5 என்ற கோட்டையும் மாற்றிப் பார்த்தால் பத்து மடங்கு கூடிவிடும் என்பதால், தேவையான கோட்டின் மேல் நிறப் பேனையால் அடையாளம் இடுங்கள். காய்ச்சல் நாள்களில் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒரு கடதாசியை ஒட்டி, கொடுப்பவர் எவராயினும் நேரத்தையும் அளவையும் எழுதும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். மருந்தை "இனிப்பு" என்று சொல்லிப் பருக்காதீர்கள். இனிப்பான செந்நிறப் பாணியைக் குழந்தை தானாகத் தேடிப்போவதற்கு அதுவே வழிசெய்கிறது. இறுக்கிய மூடியையும் மூன்று வயதுப் பிள்ளை திறக்கக்கூடும். பூட்டிய அலுமாரியின் மேல் தட்டே பொருத்தமான இடம்.

வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும்போது, அடுத்த பரசிட்டமோலை எப்போது கொடுக்கலாம், மீண்டும் ஈரற் பரிசோதனைக்கு வர வேண்டுமா என்ற இரண்டையும் கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தத் திகதி வரும் வரை, காய்ச்சல் மீண்டும் அடித்தாலும் வைத்தியரைக் கேட்காமல் ஒரு துளியும் கொடுக்க வேண்டாம். சத்தி, கண் மஞ்சளாதல், வயிற்று வலி, வழக்கத்துக்கு மாறான தூக்கம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அதே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே திரும்புங்கள்.