.22 ரைபிளில் பேரல் நீளம்: வேகத்தையும் குறியையும் நீங்களே சோதிப்பது எப்படி

துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் நீளமான பேரல் (குண்டு ஓடும் குழல்) உள்ள ரைபிளைத்தான் கேட்பார்கள். பேரல் நீண்டால் வேகம் கூடும், வேகம் கூடினால் குறி தப்பாது என்ற நம்பிக்கை. .22 ரிம்ஃபயரில், அதாவது 0.22 அங்குல அளவுள்ள, அடிப்பக்க விளிம்பில் தட்டி வெடிக்கும் சிறு தோட்டாவில், அந்தக் கணக்கு செல்லாது. இரண்டு ரைபிளும் ஒரு காலை நேரமும் இருந்தால் அதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். .22 தோட்டாவில் வெடிமருந்து மிகவும் கொஞ்சம். 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம் ஈயக் குண்டைத் தள்ள அது போதும். பேரலின் முதல் சில அங்குலத்திலேயே மருந்து எரிந்து தீர்ந்துவிடும். அப்புறம் விரியும் வாயுதான் குண்டைத் தள்ளுகிறது. குண்டு நகர நகர அந்த அழுத்தமும் இறங்கும். பெரும்பாலான தோட்டாக்கள் 16 முதல் 20 அங்குலத்துக்குள் உச்ச வேகத்தைத் தொட்டுவிடுகின்றன. அதற்கு மேல் உராய்வின் கை ஓங்குகிறது. தள்ளிவிட்ட சைக்கிள் மேட்டில் ஏறுவது போல வேகம் அப்படியே நிற்கும், அல்லது கொஞ்சம் குறையும்.

சரி, சோதனைக்கு வருவோம்.

1. லைசென்ஸ் உள்ள ரேஞ்சில், பயிற்சியாளரை அருகில் வைத்துக்கொண்டு மட்டும் செய்யுங்கள். 18 அங்குல பேரல் ஒன்று, 26 அங்குல பேரல் ஒன்று கிடைத்தால் போதும். ஒரே பேரலை அறுத்து அறுத்துப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி, உரிய லைசென்ஸ் இல்லாமல் பேரலைக் குறுக்குவது குற்றம்.

2. தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் லாட் எண்ணை (ஒரே தயாரிப்புத் தொகுதியின் எண்) பாருங்கள். இரண்டு ரைபிளுக்கும் அதே லாட். தோட்டா மாற்றினால் பேரலுக்குள் படியும் மெழுகும் மாறும், அதனால் முதல் சில ரவுண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

3. நேரம். வேலூரில் இதுதான் முக்கியம். கத்திரி வெயிலில் இங்கே 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். வெயில் ஏறிப் பாறையும் தரையும் சூடாகிவிட்டால் டார்கெட்டின் மீது கானல் ஆடும். கருப்பு வட்டம் நெளிவது போலத் தெரியும். அந்த நேரத்தில் எடுத்த குரூப்பை (ஒரே குறியில் தொடர்ந்து சுட்ட ஓட்டைகளின் கூட்டத்தை) வைத்து எந்த பேரலையும் குறை சொல்லாதீர்கள். விடிந்ததும் தொடங்கி, வெயில் ஏறும் முன் முடித்துவிடுங்கள். தோட்டாவை வண்டிப் பெட்டியில் போட்டு வெயிலில் நிறுத்தவும் கூடாது.

4. பேரல் முனையிலிருந்து சுமார் 3 மீட்டர் தள்ளி க்ரோனோகிராஃபை (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) வையுங்கள். ஒவ்வொரு ரைபிளிலும் 10 ரவுண்டு சுட்டு, ஒவ்வொரு வேகத்தையும் எழுதுங்கள். சராசரியோடு நிற்காமல், அதிக வேகத்துக்கும் குறைந்த வேகத்துக்கும் உள்ள இடைவெளியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த இடைவெளியில்தான் விஷயம் இருக்கிறது. போட்டித் தோட்டாவின் வேகம் நொடிக்குச் சுமார் 320 முதல் 330 மீட்டர். ஒரு ரவுண்டு 320இலும் அடுத்தது 330இலும் போனால், 50 மீட்டர் தூரத்தில் இரண்டு ஓட்டைகளுக்கும் நடுவே மேல் கீழாகக் கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். ஒலிம்பிக் 50 மீட்டர் டார்கெட்டில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான்! இந்திய வீரர் ஸ்வப்னில் குசாலே 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியது இதே தூரத்தில்தான். கூடுதல் வேகத்தைவிட ஒரே சீரான வேகம்தான் பத்தைத் தரும்.

அதிவேகத் தோட்டா வாங்கலாமே என்று தோன்றும். அது நொடிக்கு 380 மீட்டரை ஒட்டிப் புறப்பட்டு, போகும் வழியில் ஒலியின் வேகத்துக்கு இறங்கும். அந்தக் கட்டத்தில் குண்டு தடுமாறக்கூடும், காற்றும் கூடுதலாக இழுக்கும். போட்டித் தோட்டாவை ஒலிக்குக் கீழேயே வைத்திருப்பது இதனால்தான்.

5. இப்போது 50 மீட்டரில் பை மேல் தாங்கி வைத்து, ஐந்து ஐந்து ரவுண்டாக, ஒவ்வொரு ரைபிளிலும் ஐந்து குரூப். ட்ரிகரை அழுத்திய பிறகும் கன்னத்தை எடுக்காதீர்கள். குண்டு பேரலுக்குள் சுமார் 2 முதல் 3 மில்லி விநாடி இருக்கிறது; நீண்ட பேரலில் சற்றுக் கூடுதலாக. அந்த நேரத்தில் தோள் அசைந்தால் டார்கெட்டில் தெரியும்.

முடிவைப் பார்க்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள்: இரண்டு ரைபிளின் சேம்பரும் (தோட்டா உட்காரும் அறை) பேரல் முனையின் வெட்டும் வேறுவேறு. அதனால் வித்தியாசம் முழுவதையும் நீளத்தின் கணக்கில் எழுத முடியாது. ஒரே தடிமனில் குட்டை பேரல் விறைப்பாக இருக்கும், அதிர்வு குறையும். நீண்ட பேரலின் லாபம் வேறு இடத்தில். டெலஸ்கோப் இல்லாமல் குறி பார்க்கும் இரும்பு சைட்டில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி கூடக்கூட, குறி பார்ப்பதில் வரும் சிறு பிசகு குறையும். முன்பக்கக் கனத்தால் கையும் நிதானமாக நிற்கும். அந்த இடைவெளிக்காகவே சிலர் குட்டை பேரலின் முனையில் வெறும் குழாய் ஒன்றை மாட்டி, அதன் மேல் முன் சைட்டை வைக்கிறார்கள்.

டெலஸ்கோப் வைத்துச் சுடப்போகிறீர்கள் என்றால் 18, 20 அங்குலமே தாராளம். இரும்பு சைட் என்றால் 26ஐக் கையில் தூக்கி, நின்ற நிலையில் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். தோள் தாங்கினால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.